பாட்டுக்குள் மாட்டிக்கொண்ட குரல்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தீபாவளி முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பினாங்கு டத்தோ கிராமாட்டில், ஒரு கடைக்கு மேலே இருக்கும் சின்ன ஹாலில் என் புதுப் படத்தை முதன்முதலாகப் போட்டுக் காட்டினேன். அன்று வெளிப்பட்ட என் முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

நான் ஆவணப்படம் எடுப்பவள். கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது, தனி ஆள். கல்யாண வீடியோ எடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் நியாயம் கிடைக்காதவர்களையும் ராப் பாடும் நம் பிள்ளைகளையும் படம் பிடித்தே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டேன். "யாருடி பாக்கப் போறா இதெல்லாம்?" என்று என் அம்மா கேட்காத நாள் இல்லை.

இந்தப் படம் சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றில் இருக்கும் ஒரு ராப் பாடகனைப் பற்றியது. பகலில் பிறை தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான், வேலை விட்டு வந்தால் பாட்டு எழுதுவான். அவனுடைய தம்பியை, மோட்டார் சைக்கிள் திருடினான் என்று சொல்லி, அதே புளோக்கில் இருக்கும் நாலு பேர் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் போட்டு அடித்துக் கையை உடைத்துவிட்டார்கள். அவன் திருடவே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அடித்ததைப் பார்த்தேன் என்று சொல்ல அத்தனை வீட்டிலிருந்தும் ஒருவர்கூட வரவில்லை.

ஒரே ஒரு அக்கா மட்டும் என்னிடம் பேச ஒத்துக்கொண்டார். பிறையில் தொழிற்சாலை வேலை, கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அடித்தவர்களோ தினமும் அதே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள். "முகமும் தெரியக்கூடாது, குரலும் தெரியக்கூடாது தங்கச்சி. தெரிஞ்சா நாங்க அங்க இருக்க முடியாதுலா" என்றார். சத்தியமே செய்து கொடுத்தேன். சொன்னபடி முகத்தை இருட்டாக்கினேன், குரலைக் கம்ப்யூட்டரில் மாற்றினேன். அவர் பெற்ற பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாது.

அதற்கப்புறம்தான் கூத்து. படத்தின் முடிவுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று அந்தப் பாடகனிடம் கேட்டேன். யாராவது பேசியதில் ஒரு துண்டை வெட்டி, தாளத்தோடு திரும்பத் திரும்ப வரவைப்பது ராப்காரர்கள் வழக்கம். "அந்த அக்கா பேசினதக் குடுங்கக்கா, செமையா வரும்" என்றான். நானும் அவசரத்தில், மாற்றாத அசல் ஒலியை அப்படியே ஃபோனில் அனுப்பிவிட்டேன். 'நான் பாத்தேன்லா, என் கண்ணால பாத்தேன்' என்று அவர் சொன்னது பாட்டு முழுக்க வந்தது. எத்தனையோ தடவை கேட்டேன், கேட்டுக் கேட்டு அழுதேன். என் மரமண்டைக்கு அது அவருடைய சொந்தக் குரல் என்று உறைக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அடிபட்ட பையனுக்காக வருத்தப்பட்ட அக்கம்பக்கத்து ஆட்களை மட்டும் கூப்பிட்டிருந்தோம். அக்கா சர்ச்சிலிருந்து நேராக வந்து, எதுவும் தெரியாதவர் மாதிரி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் இருட்டில் பேசும் காட்சி வந்தபோது யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் பாட்டு வந்தது. இரண்டாவது தடவை அந்த வரி வந்ததுமே அவருடைய பக்கத்து வீட்டுக்காரி சட்டென்று திரும்பி, "ஏய், இது உன் குரல்தானே?" என்று கேட்டார்.

ஓடிப் போய்ப் பாட்டை நிறுத்தினேன். அதற்குள் அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பாட்டு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா நாளைக்கு நான் எங்க போவேன், சொல்லு" என்றார். அன்று சாயங்காலமே அந்தப் பாட்டை இணையத்தில் போடுவதாக இருந்தோம்! பாடகனும் வெளிறிப்போய் இறங்கி வந்தான். படியில் நின்றபடி அவர் கண்முன்னாலேயே இரண்டு பேரும் எங்கள் ஃபோனிலிருந்து அந்த ஒலியையும் பாட்டையும் அழித்தோம்.

அப்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மூச்சு வாங்க இறங்கி வந்தார். முடிந்தது கதை, இனி புளோக் முழுக்கப் பரவிவிடும் என்று நினைத்தேன். அவர் அக்கா நின்ற படியிலேயே தொப்பென்று உட்கார்ந்து, "நானும் பாத்தேன்லா. சன்னல் வழியா எல்லாத்தையும் பாத்தேன். பயந்துகிட்டுத் திரைய இழுத்து விட்டுட்டேன்" என்று அழ ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாடகனைப் பார்த்து, "தம்பி, அவ குரல எடுத்துட்டு என் குரலப் போடு" என்றார்.

"உன் குரலா? கேக்கிறவன் ஓடிப் போயிடுவான்" என்றார் அக்கா. அழுகையும் சிரிப்புமாக அந்தப் படியே களேபரமாகிவிட்டது.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி வீடு வீடாகப் போனார். சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த பெண்கள் மொத்தம் ஏழு பேர்! ஒவ்வொருவராக வந்து 'நான் பாத்தேன்' என்று பாட்டுக்காக என் ஃபோனில் பேசிப் பதிந்தார்கள். அக்காவிடம் வேண்டவே வேண்டாம் என்றேன். "இத்தன பேருக்கு நடுவுல என்னை எவன் கண்டுபிடிக்கப் போறான்?" என்று அவரும் வந்து சொல்லிவிட்டுப் போனார். பிறகு எல்லோரும் ஒன்றாகவே வக்கீலிடம் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

புதுப் பாட்டைச் சேர்த்து முடிப்பதற்குள், படத்தை அனுப்ப வேண்டிய திரைப்பட விழாவுக்குத் தேதி தவறிப்போனது. போனால் போகட்டும். நியாயம் நியாயம் என்று பத்து வருஷமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த நான் அந்த அக்காவை நடுத்தெருவில் நிறுத்த இருந்தேன். தன் பயத்தை வெட்கப்படாமல் சொன்ன ஒரு பக்கத்து வீட்டுக்காரி அவரைக் காப்பாற்றினார் என்பதை நினைத்தால், எனக்கு இன்றைக்கும் தலை தானாகக் குனிகிறது, மனசு மட்டும் நிறைந்துபோகிறது.