பூட்டான் மலையும் எங்கள் வீட்டு ஆணியும்

கலியாணப் படம் எடுப்பவனுக்கு ஒருநாள் மலை எடுக்க ஆசை வரும். மலை அசையாது, சாப்பாட்டுக்கு ஓடாது, "என்ர கண் மூடியிருக்கு" என்று முறையிடாது. கமெரா தூக்கும் சகோதரங்களே, உங்களுக்கும் வந்திருக்கும். மொன்றியலில் கலியாணம், பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசை, சாமத்தியவீடு என்று எடுத்துச் சலித்தவன் நான். டிஜிட்டல் கமெரா வந்த புதிதில், அந்தச் சூட்டோடு பூட்டானுக்குப் போனேன்.

ஆணி

எங்கள் வீடு சென்ட் லோரன்டில். சோபாவுக்கு மேலே வெறும் சுவர். ஊர்ச்சனத்தின் சுவரெல்லாம் நான் எடுத்த படம். என் சுவரில் ஒன்றும் இல்லை. புறப்படுவதற்கு முதல்நாள் மனுசி கதிரையில் ஏறி நின்று எதையோ அடித்தாள். என்ன என்றேன்.

"ஆணி. இந்த முறை எங்களுக்கெண்டு ஒரு படம் கொண்டு வாங்கோ. இல்லாட்டி உங்கட தொப்பியைத்தான் இதில கொழுவுவன்."

முகில்

பனிமலை தெரியும் கணவாய் ஒன்று உண்டு. விடியவே போய் ட்ரைபொட்டை நட்டேன். முகில். காத்திருந்தேன். இன்னும் முகில். ஆணிக்கு இந்த மலைதான் என்று விமானத்திலேயே முடிவு கட்டியிருந்தேன். வழிகாட்டி சோனம் நாற்பது வயது மனுசன், முழங்கால் வரை அங்கி. நாங்கள் இருவரும் கதைத்தது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் சொல்கிறேன். "எங்கேயப்பா மலை?" என்று கத்தினேன். தேநீர் ஊற்றிக்கொண்டே கையைக் காட்டினான்.

"அங்கைதான் இருக்கு, ஐயா. நாங்கள் வந்திருக்கிறது அதுக்குத் தெரியேல்லை."

மிளகாய்

பள்ளத்தாக்கில் இறங்கினால் கூரையெல்லாம் சிவப்பு. மிளகாய் காயப்போட்டிருக்கிறார்கள். வாகனத்தை நிறுத்தி, விறகுக் குவியலில் ஏறி எடுத்தேன்.

அங்கே மிளகாய்தான் மரக்கறி. முழுசாகப் போட்டு, பாற்கட்டியோடு அவிக்கிறார்கள். வெளிநாட்டாருக்கு உறைப்புக் குறைத்துத் தருவார்களாம். நான் யாழ்ப்பாணத்தான், குறைக்காமல் கொண்டு வா என்றேன். இரண்டாம் வாயில் காது அடைத்தது. மூன்றாம் வாயையும் வைத்தேன். சோனம் என் முகத்தையே பார்த்தான்.

"உங்கட ஊரிலயும் கண்ணீர் விட்டுத்தான் சாப்பிடுறவையோ, ஐயா?"

விரல்

கோயிலுக்குள் கமெரா கூடாது. வாதாடினேன். கூடாது. வெறுங்கையோடு போனால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உள்ளே ஒரு பிக்கு பீடத்தில் தண்ணீர்க் கிண்ணங்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் ஒரு தானியமணி இடைவெளி. விளிம்பு வரை நிரப்பவும் மாட்டாராம். பின்னேரம் வெறுமையாக்கி, காலையில் மறுபடி. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் யன்னல் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து நடுங்கியது. என்ன படம்! பிக்கு திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். சோனம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தான்.

"உங்கட வலக்கை விரல் சும்மா சும்மா துடிக்குதாம். என்ன வருத்தம் எண்டு கேக்கிறார்."

உடுப்பு

கடைசி நாள். ஆணிக்கு இன்னும் படமில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு பெண் பழைய உடுப்போடு மிளகாய் கிளறிக்கொண்டிருந்தாள். பின்னால் மஞ்சள் வெயில். கமெராவைத் தூக்கினேன். கையை ஆட்டி மறுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

வெயில் போகிறது. நான் முற்றத்தில் குதிக்கிறேன். ஒருவழியாக முழுக் குடும்பமும் வந்தது: பட்டு உடுப்பு, வாரிய தலை, கிழவர் நடுவில். எல்லாரும் விறைத்துப்போய் நின்றார்கள். வெயில் போயே போய்விட்டது. வந்த எரிச்சலில், மண்டபத்தில் கத்துகிற மாதிரித் தமிழிலேயே கத்தினேன், "நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ!" கையும் என் முகவாய்க்குக் கீழே சேர்ந்து உயர்ந்ததால் அத்தனை பேரும் உயர்த்தினார்கள். எடுத்தேன். சும்மா நின்றபடி எடுத்திருக்கலாமே என்று அந்தப் பெண்ணைக் கேட்கச் சொன்னேன். அவள் சொன்னதைச் சோனம் அப்படியே சொன்னான்.

"வேலை உடுப்போட எடுத்தால் அது உங்கட படம். இதுதான் எங்கட படம்."

சுவர்

வீட்டில் கொம்பியூட்டரில் போட்டேன். மனுசி பக்கத்தில். முகிலைப் பார்த்தாள்: "இதை எங்கட பல்கனியிலயே எடுத்திருக்கலாம்." கூரையைப் பார்த்தாள்: "மிளகாய் காயுறதைப் பார்க்கவோ பிளேன் ஏறினனீங்கள்?" என் தொப்பியைத் தேடத் தொடங்கினேன்.

குடும்பப் படம் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எவ்வளவு ஆசையாய் உடுத்து வெளிக்கிட்டு வந்து நிக்கினம்" என்றாள். அதுதான் ஆணியில் ஏறியது. இன்னொரு பிரதி போட்டு அந்தப் பெண்ணுக்கும் அனுப்பினோம்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்த ஒருவர் தேத்தண்ணியோடு அதன் கீழே நின்று, "ஆர் இவை, உங்கட சொந்தக்காரரோ?" என்றார். மனுசி யோசிக்கவே இல்லை.

"ஓம், இவரின்ர பக்கம்."

நாடியை உயர்த்தச் சொல்லிப் பழகினவனை இமயமலையில் கொண்டுபோய் விட்டாலும், சகோதரங்களே, குடும்பப் படத்தோடுதான் திரும்பி வருவான்.