பொங்கல் தட்டில் வாய் வைக்காத குதிரை

நுவரெலியா வாவிக்கரையில் சவாரி விடும் குதிரைக்காரர்களுக்குப் புல் வெட்டிக் கொடுப்பது என் தொழில். எந்தக் குதிரை தின்கிறது, எது தீனியிலிருந்து வாயை எடுத்துவிடுகிறது என்று அவர்களைவிட எனக்குத்தான் முதலில் தெரியும். அந்தக் கூட்டத்தில் குதிரை வைத்திருக்கத் தகுதியுள்ள ஆள் ஒருத்திதான். நாகலெட்சுமி. மற்றவர்கள் இதைப் படித்துக் கோபப்பட்டால் படட்டும்.

மஸ்கெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், பந்தயக் குதிரைக் கொட்டிலில் லத்தி அள்ள வந்தாள். கால் நொண்டுகிறது என்று அங்கே கழித்துவிட்ட செவலைப் பெட்டையைக் கேட்டு வாங்கி, தேற்றி, சவாரிக்குக் கொண்டுவந்தாள். அதற்குத் தனி வாளி, தனிக் கடிவாளம். சவாரி முடிந்தால் குளம்புச் சேற்றைத் தோண்டி எடுப்பாள். மழையில் நனைந்தால் அதன் முதுகைத் துடைத்து உலர்த்தாமல் சோறு தின்னமாட்டாள். அந்த வாளியில் வேறு குதிரையை வாய் வைக்க விட்டால், விட்டவனுடைய பரம்பரையே வாவியில் கரைந்துபோகும், அப்படி ஏசுவாள்.

ஏப்ரல் சுற்றுலாச் சீசனுக்கு முன்னால் கரையோர முனியாண்டி கோயிலில் பூசை வைப்பார்கள். ஒரே தட்டுச் சர்க்கரைப் பொங்கலை எல்லாக் குதிரைக்கும் வரிசையாக நீட்டுவார்கள். ஒரே தட்டில் தின்ற குதிரைகள் சீசன் முழுக்க ஒன்றையொன்று உதைக்காதாம். உதைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் தட்டு வரும்.

போன சீசனுக்குக் குதிரைக்காரன் பிரதாப் புதிதாக ஒரு வெள்ளைக் குதிரை வாங்கி வந்தான். மூக்கு ஒழுகியது, தாடைக்குக் கீழே கட்டி. பூசை வரிசையில் அதுதான் முதலாவது.

“தம்பி, அதக் கொண்டுபோயித் தனியா கட்டு,” என்றாள் நாகலெட்சுமி.

“குளிருக்குப் புடிச்ச சளிக்கா. புது எடமில்லியா.”

“ஒனக்குச் சளி புடிச்சா தாடையில கட்டி வருதா? அது வாய் வச்ச தட்ட மத்ததுக்கு நீட்டாதீங்க.”

பூசாரி மூக்கன் தட்டோடு முறைத்தார். “சாமி சோத்துல நோய் வருமா தங்கச்சி?”

“சாமி சோத்துல வராதுண்ணே. குதிரை எச்சில்ல வரும்.”

“மகாராணி குதிரை, தட்டுல திங்காது,” என்று ஒருத்தன் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். புல்லுக்காரனுக்கு என்ன பேச்சு என்றார்கள். அவள் செவலையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சீசன் கூட்டம் வந்து இறங்கியபோது, பொங்கல் தின்ற குதிரைகள் காய்ச்சலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. நான் போட்ட புல் போட்டபடி கிடந்தது. மிருக வைத்தியர் வந்து, இது ஒட்டுகிற நோய், இவற்றை வெளியே எடுக்கக் கூடாது என்றார். செவலைக்கு ஒன்றுமில்லை. உடனே இவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவள் பூசையை மதிக்காததால் வந்த சாமி குற்றமாம். அப்படியானால் அவள் குதிரைதானே படுக்க வேண்டும்? இதுகூட விளங்காதவர்களுக்குக் குதிரை எதற்கு?

தனியாகச் சவாரி ஓட்டி அவள் சம்பாதித்திருக்கலாம். ஓட்டவில்லை. கரையில் குதிரைகளைக் கட்டுகிற கம்பியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் அந்த எச்சில்தான் காய்ந்து கிடந்தது. செவலையை வீட்டோடு கட்டிவிட்டு, கரட் கிழங்குத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். யார் செய்த கூத்துக்கு யார் கூலி வேலை செய்வது?

அப்புறம் ஒருநாள் பிரதாப் அவள் வாசலில் வந்து நின்றான். நான் புல் இறக்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, வெள்ளைக்கு மூச்சு இழுக்குது. டாக்டர் வர்றவரைக்கும் கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னாங்க. கிட்டப் போனா கடிக்க வருது. நீங்க புடிச்சா நிக்கும்.”

“வாசல்லயே நில்லு. உள்ள காலு வைக்காத.”

ஆனாலும் போனாள். நானும் போனேன். அவன் கொட்டிலுக்கு எதிரே, பாதைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

“கிட்ட வாங்கக்கா.”

“மாட்டேன். அதத் தொட்ட கையோடதான நான் செவலகிட்டப் போகணும்? நீயே செய். மொகத்துக்கு நேரா போகாதடா மடையா, தோள் பக்கமா போ. மொதல்ல கழுத்தத் தடவு. ம். இப்ப துணிய வை. அழுத்தாத.”

அவன் துணியை வைத்தான். இவள் ஏசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் ஆறினால் ஏசினாள், அவன் நிறுத்தினால் ஏசினாள். கடைசியில் கட்டி உடைந்து சீழ் அவன் சட்டையில் வழிந்தது. குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிரதாப் அழுதான்.

“அழுதது போதும்,” என்றாள். “அந்தச் சட்டைய எரி. கைய சோப்புப் போட்டுக் கழுவு. கழுவுனாலும் என் வீட்டுப் பக்கம் வராத.”