மேகத்திலிருந்து இறங்கிய அப்பா

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் கல்யாண வீடியோவுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. அதற்கு முன்பெல்லாம் மணமக்களின் பெயரை அட்டையில் எழுதி வைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே பெயர் எங்கோ தூரத்திலிருந்து சுழன்று வந்து நின்றது. தாலி கட்டும் காட்சி ரோஜாப்பூவுக்குள் சுருங்கிப் பறந்து போனது. அங்கே மண்டி மொகல்லா பகுதியில் ஒரு கடையில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சித்தியின் கல்யாணம் மைசூரில் நடந்தது. அந்த வாரம்தான் அப்பாவின் ஊரான கௌதள்ளியில் அவருடைய பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் இறந்திருந்தார். தீட்டு என்பதால் அப்பா வழியில் யாரும் வரவில்லை. அம்மாவும் நானும்கூட மேடை ஏறாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா வளைகுடாவில் இருந்தார். இருக்கிறார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தோம். கடிதம் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அப்பாவையும் வீடியோவில் சேர்க்கும்படி மாமாவிடம் கேட்டது நான்தான். பாறை விழுந்து தட்டையாகிப்போன பூனை மறுநொடி எழுந்து ஓடுவதை ஞாயிறுதோறும் கார்ட்டூனில் பார்த்தவளுக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. மாமா அப்பாவின் போட்டோவை வாங்கிப் போனார்.

மாமா கேசட்டோடு வந்து போட்டுக் காட்டினார். மணமேடைக்கு மேலே வெண்மேகம் திரண்டது. அதன் நடுவில் அப்பா சிரித்தார். தலையைச் சுற்றி ஒளி. கீழே மணமக்கள்மேல் பூ உதிர்ந்தது. நான் கைதட்டினேன். அம்மா எழுந்து டிவியை அணைத்தாள்.

“செத்தவங்களைத்தான்டா இப்படிப் போடுவாங்க.”

“ஐயோ, அதுக்கில்லக்கா. போட்டோவுல மச்சானுக்கு மார்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. அதை மறைக்கத்தான் மேகம்.”

“கால் வை. தரையில நிக்கட்டும்.”

“ஆகல்லக்கா, முடியாது. கடை முதலாளி சிரிப்பான்.”

“ஊரே சிரிக்குது, அவனும் சிரிக்கட்டும். கௌதள்ளிக்கு இதைத்தான் எடுத்துட்டுப் போகப்போறேன். ஒருநாளாவது வந்துட்டுப் போனார்னு அவங்க பாக்கணும்.”

மாமா கடைக்குத் திரும்பிப் போனார். அப்பாவின் வேட்டி சட்டையை உடுத்திக்கொண்டு, உருவத்தை மட்டும் தனியே வெட்டி எடுக்க வசதியாக நீலத்துணிக்கு முன்னால் நின்று, கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்து, தன்னையே படம் பிடித்துக்கொண்டார். தன் முகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அப்பாவின் முகத்தை வைத்தார். காமிரா ஆடாமல் நின்றிருந்தது மேடைக்கு நேர் எதிரில் மட்டும்தான். அதனால் அப்பாவை மேடைமேல் சித்தியின் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினார். நான்கு நொடிக் காட்சிக்குக் கம்ப்யூட்டர் இரண்டு பகல் எடுத்துக்கொண்டது.

உடம்பை அசையாமல் வைத்து வாயை மட்டும் அசைத்து வேலையை மிச்சம் பிடிப்பது தொலைக்காட்சிக் கார்ட்டூன்காரர்களின் வழக்கம் என்று பின்னாளில் படித்தேன். அப்பாவின் விஷயத்தில் அது தலைகீழ். கை அசைந்தது, முகம் இமைக்கவில்லை. அம்மா அதை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அடுத்த மாதம் கௌதள்ளிக்குப் போனோம். பெரியப்பா, அப்பாவின் அண்ணன், ஹனூரிலிருந்து கேசட் போட்டுப் பார்க்க வாடகைக்கு டெக் கொண்டுவந்திருந்தார். வீடு நிறைய ஆட்கள். அப்பா வரும் இடம் நெருங்க நெருங்க நான் அம்மாவின் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“அட, நம்ம தம்பி!” என்றார் யாரோ.

“ஒரே நாள் லீவு. வந்த கையோட போயிட்டார்,” என்றாள் அம்மா. பல நாள் சொல்லிப் பார்த்த பேச்சைப் போல அது சரளமாக வந்தது.

பெரியம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, இவ தீட்டுன்னு கடைசியில குந்தியிருக்கறா. அவரு மட்டும் எப்புடி மேடையேறி ஆசீர்வாதம் பண்ணுனாரு?”

கால் வைப்பதிலேயே குறியாக இருந்த அம்மாவும் மாமாவும் இதை நினைக்கவே இல்லை. எல்லாம் மாமாவின் கம்ப்யூட்டர் என்று பெருமையாகச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

பெரியப்பா முந்திக்கொண்டார். திரையில் இமைக்காமல் இருந்த தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தார்; பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“கல்யாணத்துக்கு வந்தவங்கிட்டச் சாவுச் சேதிய எதுக்குச் சொல்றதுன்னு உட்டிருப்பாங்க. காதுக்கு எட்டாத சாவுக்குத் தீட்டு ஏது? போயிக் காப்பி வையி, போ.”

பெரியம்மா எழுந்து போனாள். அவர் டெக்கை நிறுத்திவிட்டார். மாமா செய்த வேலையை இன்னொரு முறை போடவில்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது. அம்மா ஏன் அழுதாள் என்று தெரியவில்லை.

அதற்கு முன்னால் எப்போது போனாலும், “தம்பி கடுதாசி போட்டானா கண்ணு?” என்பதுதான் பெரியப்பா என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. அன்றைக்குப் பிறகு அவர் அதைக் கேட்டதே இல்லை. வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.