டுரியான், கவுண்டருக்கு வாங்க

இன்று கிள்ளானில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். முன்பு அங்கே மெஷின் மலாய் மொழியில் நம்பர் கூப்பிடும், அது சரியாகப் புரியாத என்னைப் போன்றவர்கள் கோட்டை விடுவோம். இப்போது நம்பருக்குப் பதில் பழம். கவுண்டரில் இருக்கும் கவிதா தன் கையாலேயே அட்டைகளில் பழம் வரைந்து வைத்திருக்கிறாள்.

எனக்கு மங்குஸ்தீன் கிடைத்தது.

வெளியே மழை. "ரம்புத்தான் வாங்க, பப்பாளி வாங்க" என்று அவள் கூப்பிடக் கூப்பிட, ஏதோ பழத்தோட்டத்தில் படுத்திருப்பதுபோல் எனக்குக் கண் சொக்கியது.

கவிதாவின் முகம்தான் சரியில்லை.

"பெரிய பாஸ் இன்னைக்கு வராரு அண்ணே. சின்னப்பிள்ளை விளையாட்டுன்னு எடுக்கச் சொல்லிட்டா?"

"எடுத்தா இந்த மங்குஸ்தீன நான் வீட்டுக்குக் கொண்டுபோயிடுவேன் லா."

அவள் சிரிக்கவில்லை.

பாஸ் வந்தார். ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார். அதில் இருந்தது டுரியான். மங்குஸ்தீனைக் கூப்பிட்டதும் போய் வேலையை முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தும், எனக்குக் கிளம்ப மனமில்லை.

"டுரியான்..." என்று கவிதா மெதுவாகக் கூப்பிட்டாள்.

அவர் எழுந்து போய் மலாயில் கேட்டதைக் கவிதா பிறகு எனக்குச் சொன்னாள்: "எல்லாக் கவுண்டருக்கும் இதே மாதிரி வரைஞ்சு தருவீங்களா?"

அத்தனை கவுண்டருக்கும் பழம் பத்தாதே என்று இப்போது எனக்குக் கவலை. ஆளுக்கொரு பழம் சொல்லுங்கள், அவளிடம் கொடுக்கிறேன். பலாவை மட்டும் விட்டுவிடுங்கள், அது எனக்கு.