கோமதி தனியாக ஏறிய பஸ்

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வேலை விநோதமானது. நாம் இல்லாமலே நடக்க வேண்டிய காரியத்துக்காக நாம் தினமும் போய் நிற்க வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் பழகும் பிள்ளையை விட்டுவிட மனசில்லாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடியவர்களும் நம் கட்சிதான்.

கேட்டது மகளை

கோமதி பிளஸ் டூ. திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலில் உள்ள எங்கள் பள்ளிக்கு அம்மாவோடு வருவாள். எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள், பிடித்துவிட்டால் விடமாட்டாள். பள்ளி முடிந்ததும் என்ன செய்யப் பிடிக்கும் என்று அவளிடம் கேட்டேன். அம்மா பதில் சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்கும் அம்மாதான்.

அவளே சொல்லட்டுமே என்றேன். அந்த அம்மாவுக்கு என்மேல் கோபமெல்லாம் இல்லை, பரிதாபம்தான்.

"அவ என்ன சொல்லப்போறான்னு எனக்குத் தெரியும் டீச்சர். அவளுக்குத்தான் தெரியாது."

துண்டு மடிக்கும் இடம்

கோமதி சொன்னது, துணி மடிக்கப் பிடிக்கும் என்று. அம்மாவே அசந்துபோனார். சங்கரன்கோவிலில் தறிகளுக்கா பஞ்சம்? துண்டு மடித்துக் கட்டும் ஓர் இடத்தில் ஒரு வாரம் உட்கார வைத்தேன். ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கிற மாதிரி மடித்தாள். முதலாளி அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: பரீட்சை முடிவதற்குள் தனியாக வந்துபோகப் பழகிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு வாரமும் அம்மா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

"பிள்ள நல்லா மடிக்கா டீச்சர். ஆனா அவ அம்மா இங்கன உக்காந்திருந்தா, மத்த பொம்பளையளால ஒரு கதை பேச முடியல."

கைதட்டல்

வகுப்பில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதுதான் பஸ் என்போம். நான்தான் கண்டக்டர். ஏறினால் கைதட்டல், டிக்கெட் வாங்கினால் கைதட்டல். எங்கள் வகுப்பில் எதைச் செய்து முடித்தாலும் அது உண்டு. கோமதி ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நிஜ டவுன் பஸ்ஸில் அவளை முன்னால் ஏற்றிவிட்டு, நான் நாலு சீட் தள்ளி உட்கார்ந்தேன். பெண்களுக்கு இலவசம் என்றாலும் டிக்கெட் வாங்க வேண்டும். கேட்டாள், வாங்கினாள். உட்காராமல் கண்டக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லியும் அசையவில்லை. கடைசியில் நான் எழுந்து போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், பையை இடுக்கிக்கொண்டு கைதட்டினார். அவளும் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து வகுப்பில் கைதட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"இத்தன வருசமா டிக்கெட் கிழிக்கேன் டீச்சர், கை தட்டுனாத்தான் உக்காருவேன்னு நின்னது இவ ஒருத்திதான்."

கடைசி சீட்

பரீட்சை முடிந்த மறுநாள் அவள் தனியாக வர வேண்டும். அம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிச் சத்தியம் வாங்காத குறை. நானும் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். விடிந்ததும் மனசு கேட்கவில்லை. அவள் இறங்க வேண்டியது பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின நிறுத்தம். அங்கே ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இறங்கணும் என்று கண்டக்டரிடம் சொல்லப் பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டாளானால் பஸ் அவளையும் கொண்டுபோய்விடும், வேலையும் போய்விடும். அப்புறம் அவளை வாசல் தாண்ட விடுவார்களா?

பஸ் நின்றது. கோமதி இறங்கினாள். சத்தியமாக எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டு மடிக்கும் இடத்தைப் பார்த்து நாலு எட்டு வைத்தவள், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, படியில் நின்ற கண்டக்டரிடம் நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, கடைசி சீட்டுல முக்காடு போட்டிருக்கது எங்கம்மா. தனியா வந்து பழக்கமில்ல, பஸ் ஸ்டாண்டு வந்ததும் பாத்து இறக்கி விட்டிருங்க."

கோமதி துண்டு மடிக்கப் போய்விட்டாள். தனியாகப் போகத் தெரியாமல் அந்தக் காலையில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர், பஸ்ஸுக்குள் அவள் அம்மா, பெட்டிக்கடைக்குப் பின்னால் நான்.