மாதப்பாவின் பசுவும் என் கன்னடத் தேர்வும்

ஓசூர்த் தாலுகாவுக்கு வருமுன் என் தகுதி என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவன். அறுவை சிகிச்சைப் பாடத்தில் வகுப்பிலேயே முதலிடம். ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுவேன்; கல்லூரித் தமிழ் மன்றத்தின் செயலாளராகவும் இருந்தேன். எனக்கு மொழி வராது என்று அதுவரை எவரும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், தளிக்கு அப்பால் ஜவளகிரிக் காட்டோரத்து மருந்தகத்தில் உதவி மருத்துவராக நியமிக்கப்பட்டேன். புரோபேஷன் முடிவதற்குள் கன்னடத்தில் டிபார்ட்மென்டல் டெஸ்ட் தேற வேண்டும் என்பது உத்தரவு. எழுத்துத் தேர்வில் முதல் முறையே தேறினேன். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றேன்.

இரண்டாம் தோல்விக்குப் பிறகு சேலத்திலிருந்த மேலதிகாரி என்னை அழைத்துப் பேசினார்.

"உம்ம வேலையில ஒரு குறையும் இல்லைங்காணும். ஆனா அடுத்த தடவையும் கோட்டை விட்டீர்னா, வேற ஜில்லாவுக்கு மாத்துவாங்கன்னு நெனைக்காதீர். வீட்டுக்குத்தான்."

1. மரியாதை

நான் சோம்பேறியாக இருந்து தோற்கவில்லை. இலக்கணம் முழுவதும் படித்திருந்தேன். ஆனால் பேசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. சுற்றிலும் கன்னடம் பேசுகிறவர்களே இருக்கும்போது இது வேடிக்கையாகத் தோன்றலாம். அந்தப் பக்கத்து மக்கள் வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, ஆபீசில் ஒரு மொழி என்று புழங்குகிறவர்கள். வந்தவர் எந்த மொழிக்காரரோ அந்த மொழியில் பேசுவதே மரியாதை என்பது அவர்கள் வழக்கம். நான் கன்னடத்தில் ஒரு கேள்வி கேட்டால், பதில் நல்ல தமிழில் வரும்.

எங்கள் கம்பவுண்டர் முனிரத்தினம் வீட்டில் தெலுங்கு பேசுபவர். "உங்க தொப்பியப் பாத்ததுமே அவங்க நாக்கு தமிழுக்குத் திரும்பிடுது சார். தொப்பியக் கழட்டிப் பாருங்க" என்பார். நான் கழற்றவில்லை.

இப்படியே ஓராண்டு சென்றது. முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு நிகழ்ச்சிதான் இருந்தது. மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஈ டாக்ட்ருகெ சூஜி ஹிடியோக்கெ பருத்தெ, மாத்து பரல்ல" என்றார். இந்த டாக்டருக்கு ஊசி பிடிக்க வருகிறது, பேச்சுதான் வரவில்லை என்று பொருள். எனக்கு அது ஒரு சொல் விடாமல் புரிந்தது. கோபம் வர வேண்டிய இடத்தில் மகிழ்ச்சி வந்தது. பனியில் நனைந்த அந்தக் காட்டுப் பாதையில் சைக்கிள் மிதித்தபடி, வழி நெடுக அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். இன்றும் அந்தப் பாதையை நினைத்தால் அந்த வாக்கியம்தான் முதலில் காதில் விழுகிறது.

2. சந்தேகம்

மேலதிகாரியின் எச்சரிக்கைக்குப் பிறகு வேறொரு முறையைக் கையாண்டேன். வீடு வீடாகச் சென்று, "நீங்கள் வீட்டில் கன்னடம்தானே பேசுகிறீர்கள்? என்னோடும் அதிலேயே பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அதுவரை இரண்டொரு வார்த்தையாவது காதில் விழுந்துகொண்டிருந்தது. அதன்பின் அதுவும் நின்றது. என் தலை தெரிந்தால் தாய் பிள்ளையிடம்கூடத் தமிழில் பேசினாள்.

காரணத்தை முனிரத்தினம்தான் சொன்னார்.

"சார், மொழி பாத்து ராஜ்ஜியம் பிரிக்கப் போறாங்கன்னு பேப்பர்ல வருதில்ல? நீங்க மாட்டு டாக்டரே இல்லையாம். எந்த வீட்டுல என்ன பேச்சுன்னு கணக்கெடுக்க வந்த ஆளாம்."

ஊரில் பாதிப் பேருக்குக் கன்னட மைசூர் ராஜ்ஜியத்தோடு சேர ஆசை. மீதிப் பேருக்கு அச்சம். இரு தரப்பும் என்னிடம் வாய் திறப்பதில்லை என்ற ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையை விட்டு ஊர் திரும்பினால் என்ன சொல்வது என்றுகூட எண்ணத் தொடங்கிவிட்டேன்.

3. தொழுவம்

அந்நிலையில் ஒரு காலை, மாதப்பா என்ற விவசாயி மருந்தகத்துக்கு ஓடி வந்தார். "டாக்டரய்யா, பசு விடியறதுக்கு முன்னாடியிருந்து முக்குதுங்க. கன்னு வரலீங்க" என்றார். அவசரத்திலும் தமிழ்தான்.

தொழுவத்தில் பார்த்தேன். கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. கன்றைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, காலை நிமிர்த்தி, அதன் பிறகே இழுக்க வேண்டும். தொப்பியையும் சட்டையையும் கழற்றினேன். ஊரார் முன் நான் சட்டையில்லாமல் நின்றது அதுவே முதல்முறை. வெளியே நீட்டியிருந்த காலில் கயிறு கட்டி மாதப்பாவிடம் கொடுத்துவிட்டு, தோள்வரை கையை உள்ளே செலுத்தினேன்.

பசு அலறியது. மாதப்பா பதறிப்போய்க் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். "இழுக்காதே!" என்று தமிழில் கத்தினேன். அந்தப் பதற்றத்தில் தமிழ் அவர் காதில் ஏறவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கருப்பை கிழிந்தால் பசுவும் இல்லை, கன்றும் இல்லை.

"எளீபேடா! பிடு!" என்றேன். இழுக்காதே, விடு. எங்கிருந்து வந்தது என்று நான் அறியேன். கயிறு உடனே தளர்ந்தது.

நான் மீண்டும் கன்றைத் தள்ளினேன். பசுவின் தலையைப் பிடித்திருந்த அவர் மனைவி கௌரம்மா அழுதாள். மாதப்பாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "நிதானக்கெ! அதேனு நின்ன அத்தெ மனெ பாகிலா?" என்று என்மேல் பாய்ந்தார். மெதுவாக! அதென்ன உன் மாமியார் வீட்டுக் கதவா?

"நனகின்னூ மதுவெ ஆகில்ல" என்றேன், கையை எடுக்காமலே. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

கௌரம்மா அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். மடங்கிய கால் என் உள்ளங்கையில் நிமிர்ந்தது. "ஈக எளீ" என்றேன். இழுத்தார். கன்று உயிரோடு விழுந்தது.

கை கழுவ வெந்நீர் கொண்டுவந்தபோதுதான் மாதப்பாவுக்குத் தன் பேச்சு நினைவுக்கு வந்தது. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உங்களப் போயி நீ வா போன்னு..." என்று தமிழில் தொடங்கினார். தமிழில் மன்னிப்பு வேண்டாம், கன்னடத்தில் கேட்டால் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். கேட்டார்.

மறு வாரம் ஊரார் என்னிடம் கன்னடத்தில் பேசத் தொடங்கியிருந்தார்கள். மாதப்பா டீக்கடையில் சொன்னதை முனிரத்தினம் எனக்கு ஒப்பித்தார்: "கணக்கெடுக்க வந்தவன் எவனாச்சும் மாட்டுக்குள்ள கைய விடுவானாடா?"

4. வைவா

மூன்றாம் முறை, தடுப்பூசி ஏன் அவசியம் என்பதை ஒரு விவசாயிக்குச் சொல்வதுபோலச் சொல்லும்படி தேர்வாளர் கேட்டார். சொன்னேன். குறுக்கே கேள்வி கேட்டு மடக்கினார், நானும் விடவில்லை. "இந்தக் கன்னடம் புத்தகத்தில் இல்லையே, யாரிடம் கற்றீர்?" என்று கன்னடத்தில் வினவினார். "என்னைத் திட்டியவர்களிடம்" என்று கன்னடத்திலேயே விடையளித்தேன். தேறினேன். வேலை நிரந்தரமாயிற்று.

இன்று ஓசூர்க் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் இளைஞர்கள், ஆறு மாதம் முயன்றும் கன்னடம் வரவில்லை என்று சலித்துக்கொள்வதைக் கேட்கிறேன். அவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒன்று சொல்வேன். சினை பிடித்த பசுவிடம் முதல் சில மாதங்கள் வெளியே எதுவும் தெரியாது. வயிறு பெருக்கவில்லை என்பதற்காகச் சினை இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறவன் மருத்துவன் அல்லன். தொழுவத்தில் அன்று நான் பேசிய சொற்கள் அன்று கற்றவை அல்ல. ஒன்றும் ஏறவில்லை என்று நான் நொந்துகொண்ட அந்த ஓராண்டில் ஏறியவை.

தேர்வாளரின் பசுவுக்குப் பிரசவம் பார்த்ததால்தான் நான் தேறினேன் என்று என்னுடன் பணியாற்றிய சிலர் பிற்காலத்தில் சொல்லி வந்ததாக அறிகிறேன். பசு மாதப்பாவுடையது. தேர்வாளர் மாடு வளர்க்கவில்லை.