இடுப்புப் பிடிப்புக்கு மிதிப்பவள்

நான் கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. தொண்ணூறுகளில் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கே நான்தான் வைத்தியச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாசற்படியில் குப்புறப் படுப்பார்கள்; இடது காலால் மூன்று மிதி. "விட்டுப்போச்சுக்கா" என்று எழுந்து போவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு, இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீர் சுரீரென்று இழுக்க ஆரம்பித்தது. வைத்தியச்சி வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரிடம் போவது? நாலு மாதம் வாரம் தவறாமல் மிதித்தேன். சொந்தப் புருஷனாச்சே என்று இரண்டு மிதி கூடவே போட்டேன். ஒவ்வொரு தடவையும் "இப்ப பரவால்ல" என்றார். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறப் போனவருக்கு இடது பாதத்தைத் தூக்கவே வரவில்லை. படியிலேயே விழுந்தார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் காட்டினார். முதுகெலும்பு மூட்டை ஒட்டிப் பட்டாணி அளவில் ஒரு நீர்க்கட்டி. காலுக்குப் போகும் நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. கத்தி வைக்க வேண்டாம், எக்ஸ்-ரேயில் பார்த்துக்கொண்டே ஊசியால் உடைத்துப் பார்க்கலாம், ஆனால் பாதம் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு என் வீட்டுக்காரரின் சட்டையைத் தூக்கி இடுப்பைப் பார்த்தார்.

"ஏன் இப்படிக் கன்னிப்போயிருக்கு? யாராவது மிதிச்சாங்களா?"

"இல்ல சார், பஸ்ல இடிச்சிக்கினேன்" என்றார் என் வீட்டுக்காரர், என் பக்கம் திரும்பாமலே.

நான் குறுக்கிட்டேன். "பொய் சார். நான்தான் மிதிச்சேன்."

டாக்டர் என் காலையே பார்த்தார். "கட்டி உன்னால வரலம்மா. ஆனா நரம்பு நசுங்கிக்கிட்டு இருக்கும்போது மேல ஏறி மிதிச்சா என்ன ஆகும்?"

அந்தக் காலை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது. மறுநாள் காலை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். மயக்க மருந்துகூட இல்லை. திடீரென்று "ஐயோ!" என்று அவர் அலறியது வெளியே கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். நர்ஸ் வந்து, கட்டி உடையும்போது அப்படித்தான் வலிக்கும் என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கட்டிலில் படுத்தபடி, "இங்க பாரு" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டினார். கொஞ்சம்தான். ஆனால் தூக்கினார். அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"யோவ், உண்மையச் சொல்லு. நான் மிதிக்கிறப்ப வலிச்சுதா இல்லியா?"

"உயிரே போச்சு."

"அப்புறம் இன்னாத்துக்குப் பரவால்லன்னு சொன்ன?"

"ஊருக்கெல்லாம் நீ மிதிச்சா சரியாவுது. வீட்டுக்காரனுக்கே ஆவலன்னா, சந்துல உன் பேரு இன்னா ஆவும்?"

நாலு மாதம்! பாவி மனுஷன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.